நிழற்படத்தைப் பார்த்து வரைய முடிகிறது, நேரில் உள்ள பொருளை வரைய வரவில்லை

கேள்வி:
வணக்கம். ஆசிரியர் எவரிடமும் செல்லாமல் நானாகவே பென்சில் ஓவியம் பழகி வருகிறேன். நிழற்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தால் ஓரளவு ஒத்து வருகிறது. ஆனால் மேசைமேல் இருக்கும் ஒரு குவளையைப் பார்த்து வரைந்தால், வாய் கோணிக்கொள்கிறது. அடிப்பகுதியும் மேசையில் ஊன்றி நிற்பதாகத் தெரியவில்லை. நிழலிடும் பயிற்சியைக் கூட்ட வேண்டுமா? விலை கூடிய பென்சில்கள் உதவுமா?

மறுமொழி 1:
நிழலை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முப்பரிமாணப் பொருளைத் தட்டையாக்கும் வேலையை நிழற்படத்தில் கேமராவே செய்து முடித்துவிடுகிறது. நேரில் பார்த்து வரையும்போது அந்த வேலை உங்கள் கண்ணுக்கு வந்து சேர்கிறது. குவளையின் வாய் வட்டம் என்று மனத்துக்குத் தெரியும், அதனால் கை அதை வேண்டியதற்கு மேல் விரித்துவிடுகிறது. அடி மேசையில் தட்டையாக அமர்ந்திருப்பதும் தெரியும், அதனால் அங்கே நேர்கோடு விழுகிறது. குவளையைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள், வாய் ஒற்றைக் கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்கினால் அக்கோடு நீள்வட்டமாக விரிந்துகொண்டே வரும். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள குவளையில், அடிப்பகுதி கண் மட்டத்திலிருந்து இன்னும் தாழ்ந்திருப்பதால், அதன் வளைவு வாயின் வளைவைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். முதலில் நடுவே ஒரு செங்குத்துக் கோடு இட்டு, நீள்வட்டத்தின் நீண்ட அச்சு அதற்குச் செங்கோணத்தில் அமையும்படி வரைந்தால் கோணல் நீங்கும். கண்ணுக்குத் தெரியாத பின்பக்க வளைவையும் மெல்லிய கோட்டில் முழுமையாகச் சுற்றி வரையுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் படத்தைப் பார்த்து வரைவதை நிறுத்திவிட வேண்டாம். 1880இல், தமது 27ஆம் வயதில் ஓவியராவது என்று முடிவெடுத்த வின்சென்ட் வான்கோ, அச்சிட்ட பயிற்சிப் படங்களைப் பார்த்து வரைந்தே பழகினார். பின்னர் நேரில் வரைகையில், குறுக்கே நூல் கட்டிய சட்டத்தின் வழியாகப் பார்த்து அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டார். உங்களுக்கு ஒரு பென்சிலே போதும். முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சில் நுனியைக் குவளையின் மேல்விளிம்போடும் கட்டைவிரல் நகத்தை அடியோடும் பொருத்துங்கள். அதே அளவைக் கிடையாகத் திருப்பினால், உயரத்தில் எத்தனை பங்கு அகலம் என்பது விளங்கும். முழங்கை சிறிது மடங்கினாலும் அளவு மாறிவிடும். பென்சிலைப் பொறுத்தவரை எச்பி, 2பி, 4பி ஆகிய மூன்று கருமை அளவுகளுமே தாராளம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. உயரமும் அகலமும் இப்போது பொருந்துகின்றன. கைப்பிடி மட்டும் ஒவ்வொரு முறையும் பெரிதாகிவிடுகிறதே?

மறுமொழி 1:
கைப்பிடியை வரைய முற்படாதீர்கள். அதற்கும் குவளைக்கும் இடையே உள்ள வெற்றிடத்தைத் தனியொரு வடிவமாகக் கருதி, அதை முதலில் வரையுங்கள். அந்த வடிவத்துக்கு நம் மனத்தில் பெயரும் இல்லை, முன்கூட்டிய தோற்றமும் இல்லை என்பதால், கண் பார்த்ததைக் கை அப்படியே பின்பற்றும். அதன் பிறகு வெளிக்கோட்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.