பேஸ் ஜம்பிங் கேனப்பி: 240-ஆ, 260-ஆ? (புதுப்பிப்பு)

பாலம், பாறை மாதிரி நிலையான உயரங்களிலிருந்து குதிக்கும் பேஸ் ஜம்பிங்குக்கு, கேனப்பி (பாராசூட்டின் குடைத்துணி) 240 சதுர அடியா, 260-ஆ, அடித்துணியில் காற்றுத்துளை வேண்டுமா என்று முன்பு இந்தத் திரியில் கேட்டிருந்தேன். 260-தான், துளையோடு.

சாமான்களோடு என் எடை 85 கிலோ, சுமார் 187 பவுண்டு. 260-ல் சதுர அடிக்கு 0.72 பவுண்டு வருகிறது, பேஸுக்கு 0.7 பக்கம் இருப்பதுதான் வழக்கம். ஸ்கைடைவிங்கில் (விமானத்திலிருந்து குதிப்பது) சின்ன கேனப்பி ஓட்டியவர்களுக்கு இது மாட்டுவண்டி மாதிரித் தோன்றும். தோன்றட்டும். குடை பாறையைப் பார்த்துத் திறந்துகொண்டால் மெதுவாகப் போவதுதான் உயிரைக் காக்கும். ரிசர்வ், அதாவது மாற்றுக் குடை, வேறு கிடையாது.

துளை எதற்கு என்று கேட்ட தம்பிக்கு: உயரம் குறைவான இடத்தில் குதிக்கும்போது துளை இருந்தால் குடையில் காற்று சீக்கிரம் நிறையும். மடித்தால் கொஞ்சம் பருமன் கூடும், அவ்வளவுதான்.

வாங்கியது செகண்ட் ஹேண்ட். வேளச்சேரி வீட்டு ஹாலில் ஃபேனை நிறுத்திவிட்டு விரித்து, ஏழு செல்லையும் (காற்று நிறையும் அறைகள்) வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வால்பக்கம் ஒரு ஒட்டு, தையல் கெட்டியாக இருக்கிறது. பிரேக் கயிறு (குடையைத் திருப்பவும் வேகத்தைக் குறைக்கவும் இழுப்பது) மட்டும் பிசிறடித்திருக்கிறது, மாற்ற வேண்டும். மொட்டை மாடியில் விரித்தால் என்ன என்றார் அக்கா. நைலானுக்கு வெயில் ஆகாதே!

குதிக்கப்போவது அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் பெர்ரைன் பாலத்தில், 486 அடி. அங்கே ஆண்டு முழுக்க அனுமதிச்சீட்டு இல்லாமலே குதிக்கலாம். சரி, பிரேக் கயிறு மாற்றத் தெரிந்தவர் சென்னைப் பக்கம் யாராவது இருக்கிறார்களா?