புதுப்பிப்பு: ஷேடோயிங் கிடைத்தது, ஆய்வகமும் கிடைத்தது

அமெரிக்காவில் பிரீமெட் (மருத்துவக் கல்லூரிக்குப் போகும் முன் படிக்கும் இளநிலைப் படிப்பு) இரண்டாம் ஆண்டு. வீட்டில் யாரும் டாக்டர் இல்லை. ஷேடோயிங்குக்கும் (டாக்டர் கூடவே இருந்து அவர் வேலையைப் பார்ப்பது) ஆராய்ச்சிக்கும் யாரைப் பிடிப்பது என்று செப்டம்பரில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மருத்துவமனைகளுக்கு அனுப்பிய 18 மின்னஞ்சலுக்கும் பதிலே இல்லை. 'சின்ன வயசிலிருந்து உன்னைப் பார்க்கிற டாக்டரையே கேள்' என்று ஒரு அக்கா சொன்னதுதான் பலித்தது. ஊசிக்குப் பயந்து அவர் மேசைக்கடியில் ஒளிந்தவன் நான். கேட்டதும் சிரித்துவிட்டு 'வா' என்றார். எதிர்பாராதது காகித வேலைதான்: ஹிப்பா (நோயாளி விவரங்களின் ரகசியம் காக்கும் சட்டம்) பயிற்சி, டி.பி. பரிசோதனை, ஃப்ளூ ஊசிச் சான்று என்று மூன்று வாரம் போனது. முதலிலேயே எடுத்து வையுங்கள். ஷேடோயிங் செய்த நேரத்தையும் தேதியோடு குறித்துவிடுங்கள், ஏ.எம்.சி.ஏ.எஸ். (அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம்) விண்ணப்பத்தில் கேட்பார்கள்.

ஆய்வகம் கிடைக்க உதவியது என்.ஐ.எச். (மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அமெரிக்க அரசு அமைப்பு) ரிப்போர்ட்டர் தளம். பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டால் யாருக்கு என்ன மானியம், எப்போது முடிகிறது என்று இலவசமாகவே தெரிகிறது. புதிதாக மானியம் வாங்கிய ஆறு பேருக்கு மட்டும், அவரவர் கட்டுரையில் எனக்குப் புரியாத ஒரு இடத்தைக் கேட்டு எழுதினேன். இருவர் பதில் போட்டார்கள். ஒருவரிடம் சேர்ந்துவிட்டேன். இப்போதைக்கு பிப்பெட் டிப் (திரவத்தை அளந்து எடுக்கும் கருவியில் மாட்டும் முனை) அடுக்குகிறேன், பெட்டிக்கு 96.