நஞ்சு (பிளாசென்டா) பயாப்ஸி ரிப்போர்ட் வாங்கிப் படித்தவர்கள் இருக்கிறீர்களா?

கோவைக்காரி

29வது வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. அப்புறம் நடந்ததெல்லாம் இங்கே பலருக்கும் தெரிந்ததுதான்: அட்மிஷன், ஸ்டீராய்டு ஊசி, எரித்ரோமைசின், காலை மாலை இதயத்துடிப்புப் பார்ப்பது. எனக்குக் காய்ச்சல் ஒரு பாயிண்ட்கூட ஏறவில்லை. பையன் ஒன்றேகால் கிலோவில் பிறந்தான், இப்போது நன்றாக இருக்கிறான். அதை எழுத வரவில்லை.

தையல் பார்க்கப் போன அன்று ஃபைலோடு நஞ்சு ரிப்போர்ட்டையும் கொடுத்தார்கள். கோரியோஅம்னியோனைட்டிஸ், அதாவது பனிக்குடச் சவ்வில் அழற்சி; கூடவே ஃப்யூனிசைட்டிஸ், அதாவது தொப்புள்கொடியில் அழற்சி. "இன்ஃபெக்‌ஷன்தாம்மா, முடிஞ்சு போச்சு" என்றார் பெரிய டாக்டர். வெளியே லிஃப்ட்டுக்கு நிற்கும்போது ஒரு பயிற்சி டாக்டர் பெண் அந்த இரண்டாவது சொல்லுக்குக் கீழே நகத்தால் கோடு இழுத்து, "இது உங்க செல் இல்லக்கா, பாப்பாவோடது" என்றாள். லிஃப்ட் வந்தது, போய்விட்டாள்.

பாப்பாவுடைய செல் என்றால்? உள்ளே இருந்துகொண்டு அவன் யாரோடு சண்டை போட்டான்? யாருக்காவது தெரியுமா?

ஸ்லைடு மேசை

அந்தப் பெண் சொன்னது சரி. நான் ஹிஸ்டோபேத் லேபில், அதாவது திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் லேபில் டெக்னீஷியன். நஞ்சு வந்தால் பனிக்குடச் சவ்வைப் பாய் மாதிரி சுருட்டி ஒரு துண்டு, தொப்புள்கொடியில் ஒரு துண்டு, நஞ்சின் முழுத் தடிமனுக்கு ஒரு துண்டு என்று வெட்டி வைப்போம். சவ்வில் நியூட்ரோபில் (கிருமியோடு சண்டை போடும் ஒரு வகை வெள்ளணு) தெரிந்தால் பெரும்பாலும் அம்மாவின் ரத்தத்தில் இருந்து வந்தது. கொடியில் இரண்டு தமனி, ஒரு சிரை. அவற்றின் சுவருக்குள் தெரிந்தால் குழந்தையின் ரத்தத்தில் இருந்து வெளியேறியது.

ஒரு ஸ்லைடு எனக்கு மறக்கவே இல்லை. சிரையின் சுவருக்குள் ஊதாப் புள்ளிகளாக நியூட்ரோபில்கள். ஆனால் சுற்றிலும் சமமாக இல்லை. பனிநீர் இருக்கும் பக்கமாகவே அத்தனையும் நகர்ந்துகொண்டிருந்தன, பாதி வழியில் ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) நின்றுபோனது போல. கிருமி பெரும்பாலும் கீழேயிருந்து ஏறிப் பனிநீருக்குள் வருகிறது. அழைப்பு வரும் திசையில் செல் போகிறது. இன்டர்லூக்கின் 8 என்ற புரதம் அந்த அழைப்புகளில் ஒன்று.

காய்ச்சல் இல்லாமலே ஸ்லைடில் இது தெரிவது சகஜம். யூரியாபிளாஸ்மா போன்ற கிருமிகள் சாதாரணக் கல்ச்சரில் வளராது, அதனால் "கல்ச்சர் நெகடிவ்" என்று வரும். அழற்சி வந்துவிட்டால் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் சுரந்து பிரசவ வலி கிளம்பும், சில நொதிகள் சவ்வை நைந்துபோக வைக்கும். ஆனால் நீர் உடைந்ததால் அழற்சியா, அழற்சியால் நீர் உடைந்ததா என்பதை ஸ்லைடு சொல்லாது.

இரண்டாவது ரவுண்டு

எனக்கு இன்ஃபெக்‌ஷனே கிடையாது. எனக்குக் கிடைத்த வார்த்தை "என்கே செல்", நேச்சுரல் கில்லர் என்ற ஒரு வகை வெள்ளணு. ஐவிஎஃப் முதல் தடவை பதியவில்லை. ஊரும் கிளினிக்கும் வேண்டாம். கையில் ரத்தம் எடுத்தார்கள், ரிப்போர்ட்டில் ஒரு சதவீதத்தைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "உங்க உடம்பே கருவை அடிக்குது" என்றார் டாக்டர். மாமியார் பக்கத்து நாற்காலியில்.

அப்புறம் அந்தச் செல்லை அடக்க என்று இன்ட்ராலிபிட் என்ற கொழுப்பு டிரிப். பால் வெள்ளை. ஏற்றுவதற்கு முன்னால் நர்ஸ் "முட்டை, சோயா ஒத்துக்குமா மேடம்?" என்று கேட்டாள், ஏதோ ஹோட்டலில் ஆர்டர் எடுப்பது போல. அந்த வெள்ளைச் சொட்டைப் பார்த்துக்கொண்டே மதியம் முழுக்கப் படுத்திருந்தேன். அந்தத் தடவையும் பதியவில்லை. மாமியார் யாரிடம் பேசினாலும் "அவ உடம்பே கொன்னுடுதாம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

ஸ்லைடு மேசை

உங்கள் டாக்டரோடு சண்டைக்கு வரவில்லை. ஆனால் கையில் எடுத்த ரத்தத்தை வைத்துக் கர்ப்பப்பைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு கூட்டம். முதல் மூன்று மாதத்தில் கர்ப்பப்பை உட்சுவரில் இருக்கும் வெள்ளணுக்களில் சுமார் 70 சதவீதம் என்கே செல்தான். எல்லாப் பெண்களுக்கும். அவை ரத்தத்தில் இருக்கும் என்கே போலக் கொல்வதில் கெட்டிக்காரர்கள் இல்லை. அம்மாவின் சுருள் தமனிகளைத் தளர்த்தி அகலமாக்க நஞ்சின் செல்களுக்குக் கைகொடுப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை. அந்தத் தமனிகள் சரியாக அகலமாகாவிட்டால் பின்னால் ப்ரீஎக்ளாம்ப்சியா (கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறு), எடை குறைந்த குழந்தை என்று போகலாம்.

1953இல் பீட்டர் மெடவார் என்ற விஞ்ஞானி, பாதி அந்நியமான கருவைத் தாயின் உடம்பு ஏன் விரட்டுவதில்லை என்று கேட்டார். நல்ல கேள்வி. அதை வைத்துப் பயமுறுத்தி இன்றைக்கும் டிரிப் விற்கிறார்கள். ரத்தத்தில் என்கே பார்ப்பதையும் இன்ட்ராலிபிட்டையும் ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவச் சங்கம் 2023இல் பரிந்துரைக்கவில்லை என்றே எழுதிவிட்டது.

பிரச்சினை செல் இருப்பதில் இல்லை, அழற்சி வந்து அவற்றின் குணம் மாறுவதில். மற்ற வெள்ளணுக்களை அடக்கி வைக்கும் ரெகுலேட்டரி டி செல்லின் பிடி தளரும், மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்க ஆரம்பிக்கும்.

மூன்று பிள்ளைக்காரி

தம்பி, ஸ்லைடு பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? என் தங்கைக்கு ஏழாம் மாதமே பிரசவம். அவளுக்கு ஈறு வீங்கி, பல் தேய்த்தால் ரத்தம். அதுதான் காரணம், நான் அப்போதே சொன்னேன்.

எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணம் ஆனதும் பல் டாக்டரிடம் போங்கள். வெள்ளைப்படுதல் நாற்றத்தோடு இருந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள். உள்ளே சோப்பு, டெட்டால் எதுவும் ஊற்றாதீர்கள். சிறுநீர் எரிந்தால் பார்லி தண்ணீரோடு நிற்காமல் டெஸ்ட் கொடுங்கள். தயிர் தினமும். ராத்திரி மஞ்சள் பால். கடைப் பானிபூரி வேண்டாம். கணவருக்கும் சேர்த்து மாத்திரை கேளுங்கள், அவர்கள் சாப்பிட மாட்டேன் என்பார்கள், விடாதீர்கள். கோவைக்காரி, அடுத்த பிள்ளைக்கு இரண்டு வருஷமாவது இடைவெளி விடும்மா.

நைட் டூட்டி

அக்கா சொன்னதில் பாதி சரி. ஆனால் ஈறு விஷயத்தை ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். 2006இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், கர்ப்பகாலத்திலேயே ஈறு சிகிச்சை கொடுத்தார்கள். ஈறு சரியானது, குறைமாதப் பிரசவம் குறையவில்லை. பல் டாக்டரிடம் போங்கள், பல்லுக்காகப் போங்கள். தங்கையிடம் "உன் ஈறுதான் காரணம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நான் லேபர் வார்டு நர்ஸ். 27 வாரத்தில் ஒரு பொண்ணு. அம்மாவுக்குக் காய்ச்சல், குழந்தையின் துடிப்பு 180க்கு மேல். பேடை மாற்றும்போதே வாடை வந்தது, நானும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குழந்தையின் மூளையைக் காக்கக் கொடுக்கும் மெக்னீசியம் டிரிப் ஓடிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் எரிகிறது என்று சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்து, "சிஸ்டர், இன்னும் ரெண்டு வாரம் உள்ளயே இருக்கட்டுமே, உள்ள இருந்தாதானே நல்லது" என்றாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் நாங்களே அதைத்தான் சொல்லியிருப்போம். அழற்சி பிடித்த கர்ப்பப்பை குழந்தையின் மூளைக்கே ஆபத்து என்பதை அந்த நிமிஷத்தில் எப்படிச் சொல்வது? "வெளிய எடுத்துப் பார்த்துக்கலாம்மா" என்றேன். அவள் கையை விடவில்லை.

கோவைக்காரி

ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கொடியில் "சிரை மட்டும்" என்று இருக்கிறது. தமனி பற்றி ஒன்றும் இல்லை. அது நல்லதா? மூன்று பிள்ளைக்காரி அக்கா, என் பல் நன்றாகவே இருக்கிறது.

ஸ்லைடு மேசை

சிரை மட்டும் என்றால் முதல் நிலை. தமனிக்கும் போயிருந்தால் அடுத்த நிலை. பையனின் வளர்ச்சியைப் பார்க்கும் டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டிவிடுங்கள், அடுத்த கர்ப்பத்தில் முதல் விசிட்டிலேயே கொடுங்கள். குறைமாதத்தில் நீர் உடைந்தது என்ற ஒன்றே அவர்களுக்கு முக்கியமான தகவல்.

இரண்டாவது ரவுண்டு

ஸ்லைடு மேசை, அந்த 70 சதவீதம், சுருள் தமனி விஷயத்தை மட்டும் அரைப் பக்கத்தில் எளிமையாக எழுதித் தருவீர்களா? பிரிண்ட் எடுத்து மாமியாரிடம் கொடுக்க வேண்டும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.