மாவட்ட மாநாட்டுக்கு முதல் தடவை பிரதிநிதியாப் போறேன்: இந்த விஷயத்தைச் சொல்லவா, வேண்டாமா?

தார்க்காரி:

வணக்கம் தோழர்களே. ஈரோட்டுக்கு எதிர்க்கரைத் தறி ஊருங்க நம்முளுது. தெருப் பேரைச் சொன்னா ஆளையே கண்டுபிடிச்சுருவீங்க, அதனால இதோட நிறுத்திக்கிறேன். வயசு 34. பட்டறையில தறிக்கு நூல் சுத்தித் தார் போடுறேன். சிபிஎம்ல ஒரு வருசம் பரீட்சார்த்த உறுப்பினரா இருந்து, முழு உறுப்பினராகி மூணு வருசம் ஆச்சு. கிளை மாநாட்டுல என்னை ஒன்றிய மாநாட்டுக்குத் தேர்ந்தெடுத்தாங்க. அங்க போனா, மாவட்ட மாநாட்டுக்கும் என் பேரைச் சொல்லிட்டாங்க. கை தூக்கச் சொன்னப்ப என் பேருக்கு நானே கை தூக்கிட்டேன். பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. தூக்கக் கூடாதா என்ன?

எங்கம்மாவுக்கு மாநாடுன்னா, போன மாசம் (2024 அக்டோபர்) விக்கிரவாண்டியில விஜய் கட்சி நடத்துச்சே, அந்த மாதிரி. "வேன்ல எடம் இருந்தா நானும் வாரேன்"ங்குது. மண்டபத்துக்குள்ள ரெண்டு நாள் உட்கார்ந்து அறிக்கை படிச்சுப் பேசறதுதாம்மான்னு சொன்னேன். "அதுக்கெதுக்கு மாநாடுன்னு பேரு?"ன்னு கேட்டுட்டுப் போயிருச்சு.

எனக்கு மூணு சந்தேகம். என்ன எடுத்துட்டுப் போகோணும்? பேசியே ஆகோணுமா? மூணாவதுதான் நெசமான கேள்வி.

போன வருசம் ஆடியில எங்க தெருவுல குழுக்கடன் வசூலுக்கு எதிரா கையெழுத்து வாங்கினோம். காலையில 6 மணிக்கே வாசப்படியில வந்து உட்கார்ந்துக்குவாங்க. சோறு பொங்கிட்டு பட்டறைக்கு ஓடறதா, அவங்களுக்குப் பதில் சொல்றதா? ஒருத்தி கட்டலைன்னா குழுவுல இருக்கற மத்தவங்களையும் எழுந்து போக விட மாட்டாங்க. 62 கையெழுத்து. எல்லாம் பொம்பளைங்க, அதுல 11 கைரேகை. கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டு போய்க் கொடுக்கறதா இருந்துச்சு. அந்த வாரம் எம் மவனுக்குக் காய்ச்சல். அப்புறம் தீபாவளி போனஸ் பேச்சுவார்த்தை. அப்புறம் தேர்தல். காயிதம் இன்னும் எங்க வீட்டு டிவி ஸ்டாண்டுக்கு அடியில ஜவுளிக்கடைக் கவர்ல இருக்குது. பொறுப்பெடுத்தவ நான்தான், வேற யார் மேலயும் குத்தமில்ல.

ஒன்றிய மாநாட்டு அறிக்கையில "கையெழுத்து இயக்கம் நடத்தப்பட்டது"ன்னு ஒரு வரி வந்துச்சு. கேட்டப்ப எனக்குக் காது சூடாயிருச்சு. வாயைத் தொறக்கல. மாவட்ட அறிக்கையிலயும் அந்த வரி வரும். அங்கயாச்சும் சொல்லட்டுமா? முதல் தடவை போறவ இதைப் போய்ச் சொன்னா என்ன நினைப்பாங்க?

ஓய்வு_நடத்துனர்:

தோழர், உங்க பேருக்கு நீங்களே கை தூக்கினதுல தப்பே இல்லை. ஓட்டு உள்ளவங்க யாரும் தூக்கலாம்.

முதல் கேள்விக்கு வேற யாராவது சொல்லட்டும். நான் எப்பவும் ஒரு துண்டும் ஒரு பேனாவுமாப் போய்ப் பழகினவன், என் யோசனை உங்களுக்கு உதவாது.

உள்ளே என்ன நடக்கும்னு மட்டும் சொல்றேன். காலையில கொடியேத்துவாங்க, தியாகிகள் ஸ்தூபிக்கு அஞ்சலி செலுத்துவாங்க. அப்புறம் தலைமைக்குழு மேடைக்கு வரும். அஞ்சலித் தீர்மானம் இந்தத் தடவை ரொம்ப நீளமா இருக்கும். சங்கரய்யா போன வருசம் நவம்பர் 15ல போயிட்டார், 102 வயசு. இந்த ஆகஸ்ட் 8ல மேற்கு வங்க முன்னாள் முதல்வர் புத்ததேவ். செப்டம்பர் 12ல யெச்சூரி. போன அகில இந்திய மாநாடு 2022ல கண்ணூர்ல நடந்தப்ப பொதுச்செயலாளராத் திரும்பத் தேர்வானவர், அடுத்த மாநாட்டுக்கு இல்லை. அந்த ஒரு நிமிஷ மௌனத்துல எனக்கு எப்படியும் தொண்டை அடைக்கும், உங்களுக்கும் அடைச்சா வெட்கப்படாதீங்க.

அறிக்கை வெச்ச உடனே யாரும் மைக்குக்கு ஓட மாட்டாங்க. ஒன்றியம் ஒன்றியமாப் பிரிஞ்சு உட்கார்ந்து குழுவாப் பேசுவீங்க. குழுவுக்கு இத்தனை நிமிஷம்னு ஒதுக்குவாங்க, அதை யார் பேசறதுன்னு குழுதான் முடிவு பண்ணும். அதனால உங்க ரெண்டாவது கேள்விக்குப் பதில்: மேடையில பேசியே ஆகணும்னு இல்லை, குழுவுல பேசாம இருந்துடாதீங்க.

நான் முதல் தடவை பிரதிநிதியாப் போனது 1991 கடைசியில. சோவியத் யூனியன் உடைஞ்சுக்கிட்டிருந்த நேரம். எனக்குக் கொடுத்தது 5 நிமிஷம். நான் பேசினது 11. மேடையிலேருந்து மூணு துண்டுச் சீட்டு வந்துச்சு, மூணையும் பாராட்டுன்னு நினைச்சு சட்டைப்பையில வெச்சுக்கிட்டேன். இறங்கி வந்து பார்த்தா மூணுலயும் "நேரம் முடிந்தது". மாஸ்கோவுல என்ன நடக்குதுன்னு அத்தனை பேசினேனே, எங்க டிப்போவுல டபுள் டூட்டி பார்க்கறது பத்தி ஒரு வார்த்தை பேசலை. பக்கத்து சீட்டு டிரைவர் தோழர் கேட்டார், "கோர்பச்சேவுக்கு உன் பேச்சு போய்ச் சேருமாய்யா?"ன்னு. 33 வருஷமாச்சு, இன்னும் கேக்குது.

நீங்க அந்தக் கவரைப் பத்திச் சொல்லுங்க. விமர்சனம், சுயவிமர்சனம்னு அமைப்பு விதியில எழுதி வெச்சது எதுக்கு?

கீழத்தஞ்சை அக்கா:

நான் சொல்றேன் கண்ணு, என்ன எடுத்துட்டுப் போறதுன்னு. போர்வை. கண்டிப்பா போர்வை. மார்கழி நெருங்குது, மண்டபத்துல தரையில படுத்தா மறுநாள் இடுப்பு பேசாது. சாப்பிடுற மாத்திரை ரெண்டு நாளைக்கு. மாசத் தேதியைக் கணக்குப் பார்த்து அதுக்கானதும் வெச்சுக்க. தட்டு டம்ளர் வேணாம், அங்க இருக்கும். ஒரு பிளாஸ்க் இருந்தா பக்கத்துல இருக்கிற வயசானவங்களுக்கும் ஆகும். டிசம்பர் 25 வெண்மணித் தியாகிகள் நினைவு நாளுக்குப் போறப்ப நான் எடுக்கிற அதே பைதான் மாநாட்டுக்கும். பேட்ஜை சேலையில குத்தாதே, கழுத்துல மாட்டுற மாதிரி கொடுத்தா நல்லது. குத்துற பேட்ஜா இருந்தா ஊக்கு ரெண்டு கூடுதலா வெச்சுக்க. நான் ஒரு தடவை பேட்ஜைத் தொலைச்சுட்டு வாசல்ல செந்தொண்டர் பையன்கிட்ட மாட்டிக்கிட்டேன். என் பக்கத்து வீட்டுப் பையன்தான். "அத்தை, பேட்ஜ் இல்லாம விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க"ன்னுட்டான்! கட்டுப்பாடுன்னா அப்படி இருக்கணும்னு அப்புறம் நானே பெருமைப்பட்டுக்கிட்டேன், அன்னிக்கு மட்டும் ஆத்திரமா வந்தது.

கவர் விஷயத்துல நடத்துனர் அண்ணன் சொல்றதோட நான் முழுசா ஒத்துப்போகலை. சொல்லணும், சரி. ஆனா உன் கிளைச் செயலாளர்கிட்ட முன்னாடியே சொல்லிடு. அவர் அங்க உட்கார்ந்திருக்கிறப்ப திடீர்னு கேட்டா, அவர் மறைச்சார்னு நாலு பேர் நினைப்பாங்க. உன் தப்பைச் சொல்லப் போய் அவர் தலையில கட்டின மாதிரி ஆயிடும்.

கறுப்பு சிவப்பு:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், நான் உடன்பிறப்பு. எங்ககிட்ட மாவட்டப் பிரதிநிதின்னா அது ஒரு பதவி, வீட்டு வாசல்ல போர்டே வெப்போம். மாநாடுன்னா இந்த ஜனவரி 21ல சேலத்துல இளைஞரணி நடத்துனோமே, அதுதான் மாநாடு. உங்க அம்மா கேட்டது நியாயமான கேள்வி.

ஒரே ஒரு யோசனை: 62 கையெழுத்துக் கதையை இங்க எழுதிட்டீங்களே, அது போதாதா? உள்வீட்டு விஷயத்தை ஊர் கூடுற இடத்துல எதுக்கு? பேசாம திங்கக்கிழமை போய் மனுவைக் கொடுத்துட்டு வந்துடுங்க. அப்புறம் அறிக்கையில இருக்கிற வரி உண்மையாயிடும்.

ஓய்வு_நடத்துனர்:

உடன்பிறப்பே, கடைசி வரி மட்டும் நல்லா இருக்கு. மத்தபடி அது ஊர் கூடுற இடம் இல்லை, அதுக்குத்தான் அந்த வாசல் பையன்.

பேங்க்கு:

மாநாட்டைப் பத்தி எனக்குத் தெரியாது. கடனைப் பத்திச் சொல்றேன். நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 1லேருந்து தனி விதி வெச்சிருக்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3 லட்சம் வரைக்கும் உள்ளவங்களுக்கு அடமானம் இல்லாமக் கொடுக்கிற கடன் எல்லாம் இதுல வரும். காலை 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் கூப்பிடுறதே கெடுபிடி வசூல்ல சேரும். வசூலை ரெண்டு பக்கமும் பேசி முடிவு பண்ணின இடத்துலதான் வாங்கணும். அந்த இடத்துக்குத் தொடர்ந்து ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ வரலைன்னாத்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். ஒரு குடும்பம் மாசாமாசம் கட்டுற எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து அதோட மாத வருமானத்துல பாதியைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் உங்க மனுவுல இருக்கா? இல்லைன்னா வெறும் "தொல்லை கொடுக்கிறார்கள்"னு எழுதின மனுவை எந்த ஆபீசும் சுலபமா ஓரங்கட்டிடும்.

தார்க்காரி:

போயிட்டு வந்துட்டேனுங்க. பத்து நாள் ஆச்சு, பட்டறையில பாவு ஏறின வாரம், எழுத நேரமில்ல.

அக்கா சொன்ன மாதிரி செயலாளர்கிட்ட முன்னாடியே போய்ச் சொன்னேன். டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்திருந்தாரு. கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துட்டு, "நானும் கேக்காம விட்டுட்டேனே"ன்னாரு. அவ்வளவுதான்.

உள்ள போன உடனே ஒரு படிவம் கொடுத்தாங்க. வயசு, படிப்பு, வருமானம், கட்சிக்கு வந்த வருசம், எந்த அரங்கத்துல (தொழிற்சங்கமா, மாதர் சங்கமா) வேலை செய்யறீங்கன்னு வரிசையாக் கேட்டுட்டு, அடுத்த வரியில சிறை சென்ற நாட்கள். அதுக்கடுத்து தலைமறைவு வாழ்க்கை. எனக்குப் பேனா நின்னு போச்சு. ஒரு தடவை மறியல்ல பிடிச்சு மண்டபத்துல சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்தாங்க, அதைப் போடலாமான்னு பக்கத்துல இருந்த பெரியவரைக் கேட்டேன். "மண்டபம் கணக்குல வராது கண்ணு. நானும் எத்தனையோ மண்டபத்துல உப்புமா தின்னிருக்கேன்"னாரு. அவரு படிவத்தை எட்டிப் பார்த்தேன். சிறை இடத்துல நாள் கணக்கை விட்டுட்டு மாசக் கணக்குல எழுதியிருந்தாரு. நான் 0 போட்டேன். மறுநாள் அந்தப் படிவங்களைத் தொகுத்து தகுதி ஆய்வு அறிக்கைன்னு வாசிச்சப்ப மாநாட்டுல மூத்த பிரதிநிதி அவருதான்னு தெரிஞ்சுது. எந்திரிச்சு நிக்கச் சொன்னாங்க. துண்டைத் தோள்ல சரி பண்ணிட்டு எந்திரிக்கறதுக்குள்ள கைதட்டே முடிஞ்சுபோச்சு. மறுபடியும் தட்டினாங்க.

அறிக்கையில அந்த வரி 23ஆம் பக்கத்துல இருந்துச்சு. குழு விவாதம் சாப்பாட்டுக் கூடத்துல. ஒரு பக்கம் இலை போட்டுட்டிருக்காங்க, நாங்க ஒரு மூலையில பிளாஸ்டிக் சேரை வட்டமாப் போட்டுக்கிட்டு. ஆளாளுக்கு கூலி உயர்வு, தறி ஓனருக்கு 1000 யூனிட் மின்சாரம் இலவசமாக் கெடைக்குது, அதுல தொழிலாளிக்கு என்ன வந்துச்சுன்னு பேசிட்டிருந்தாங்க. எம் முறை வந்துச்சு. நாலு பக்கம் எழுதி வெச்சிருந்தேன், ஒன்னையும் பார்க்கல. "23ஆம் பக்கத்துல நடத்தப்பட்டதுன்னு போட்டிருக்குதுங்க. அந்தக் கையெழுத்து எங்க வீட்டு டிவி ஸ்டாண்டுக்கு அடியில இருக்குது"ன்னேன்.

சாம்பார் வாளி சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. அப்புறம் எதிர்க்க உட்கார்ந்திருந்த அங்கன்வாடி தோழர் மெதுவா, "எங்க ஊருது எங்கிட்ட இருக்குது. அரிசி டப்பா மேல"ன்னாங்க.

குழுவுக்கு 8 நிமிஷம். அதுல 3 நிமிஷம் எனக்குன்னு முடிவாச்சு. நான் வேணாம்னேன், விடல. மைக்கு என் நெத்திக்கு நேரா இருந்துச்சு, யாரோ வந்து இறக்கி விட்டாங்க. என்ன பேசினேன்னு முழுசா ஞாபகமில்ல. பேங்க்கு தோழர் சொன்ன 9 மணி, 6 மணி கணக்கைச் சொன்னேன், அது நல்லா ஞாபகம் இருக்குது, ஏன்னா அப்பத்தான் குனிஞ்சு எழுதிட்டிருந்த நாலஞ்சு பேரு தலையைத் தூக்கினாங்க. மணி அடிக்கறதுக்கு முன்னாடியே இறங்கிட்டேன். நடத்துனர் அண்ணா, சீட்டு ஒன்னும் வரலைங்க.

தொகுப்புரையில எம் பேரு வரல. ஆனா அறிக்கைக்கு ஏத்துக்கிட்ட திருத்தங்களை வாசிச்சப்ப, 23ஆம் பக்கம், "நடத்தப்பட்டது" என்பதற்குப் பதிலாக "தொடங்கப்பட்டது"ன்னு ஒன்னு வந்துச்சு. நான் என் புக்குல அந்த வார்த்தையை அடிச்சு மேல எழுதிக்கிட்டேன். கையெழுத்துக் கோணலாப் போச்சு.

புது மாவட்டக்குழுவுக்கு பேர்ப்பட்டியல் வெச்சாங்க. ஆட்சேபம் இருந்தாச் சொல்லலாம், வேற பேர் முன்மொழியலாம், போட்டின்னா ரகசிய ஓட்டுன்னு விளக்கினாங்க. போட்டி வரல. இந்தத் தடவை கை தூக்கறப்ப சுத்திப் பார்த்துட்டுத் தூக்கினேன்.

அடுத்தது 2025 ஜனவரியில விழுப்புரத்துல மாநில மாநாடு, ஏப்ரல்ல மதுரையில அகில இந்திய மாநாடு. மதுரையில 1972ல ஒரு தடவை நடந்திருக்குதாம், அந்தப் பெரியவரு அப்ப தொண்டரா தண்ணி ஊத்தினாராம். பேரணிக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போறதா இருக்கேன். அதுக்கு வேன் உண்டுன்னு சொன்ன உடனே சமாதானம் ஆயிருச்சு.

உடன்பிறப்பு தம்பி, நீங்க சொன்னதையும் செய்யறேன். கவரை எடுத்து விரிச்சா ஓரத்துல எலி கடிச்சிருக்குது, நல்லவேளை பேருங்க மேல படல. வீடு வீடா மறுபடி போனேன். 62ல நாலு பேரு ஊரை விட்டே போயிட்டாங்க, அதுல ரெண்டு பேரு கடனுக்காகத்தான். ரெண்டு பேரு பேரை எடுக்கச் சொன்னாங்க, "அவன் அடுத்த கடனுக்கு எழுதித் தர்றேன்னிருக்கான், கெடுத்துராதே"ன்னு. புதுசா ரெண்டு பேரு சேர்ந்தாங்க. இப்ப 58. அரிசி டப்பா தோழர்கிட்ட 40. சேர்த்து வர்ற திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல கொடுக்கறோம். அன்னிக்கு லீவு கேட்டிருக்கேன், சம்பளம் பிடிப்பாங்க.

பேங்க்கு தோழர், பழைய மனுவுல நீங்க கேட்ட மாதிரி வெறும் "தொல்லை கொடுக்கிறார்கள்"னுதான் இருக்குது. அந்த நேரக் கணக்கையும், பாதி வருமானக் கணக்கையும் சேர்த்து நாலு வரி எழுதிப் போடுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வேணும். ஜெராக்ஸ் கடை 7 மணிக்கு மூடிருவாங்க.