எட்டு வயதுப் பிள்ளைக்கான கதையில் பாத்திர ஆழம் தேவையா?

மைக்கூடு:
8–10 வயதுக்கு எழுதும் சிறுகதை 1,000 சொல்லைத் தாண்டினாலே நீளம். அதில் மனவோட்டத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் பிள்ளை அங்கேயே புத்தகத்தை மூடிவிடும். பயந்தாங்கொள்ளி, குறும்புக்காரி என்று ஆளுக்கு ஒரு குணம் போதும். கதை ஓடணும்.

அணில்வால்:
மனவோட்டப் பத்தி வேண்டாம், சரி. ஆனா ஆழம் அந்தப் பத்தியிலதான் இருக்குன்னு யார் சொன்னது? "கமலாவுக்கு அக்கா மேல் பொறாமை" என்பது ஒற்றைக் குணம். "கமலா அக்காவின் புதுப் பென்சிலைப் பாதியாகும்வரை சீவினாள். பிறகு தன் வாசனை ரப்பரை எடுத்து அக்கா டப்பாவில் வைத்தாள்." 14 சொல்தான். பொறாமை, உறுத்தல், பாசம் மூணும் வந்தாச்சு. ஓட்டம் எங்கே நின்னுச்சு?

மைக்கூடு:
வரி நல்லா இருக்கு. ஆனா எல்லாப் பாத்திரத்துக்கும் இப்படிச் செய்தால் கதை முட்டிக்கும். அந்த ரப்பர் பிறகு வரவே இல்லைன்னா பிள்ளை குழம்பும்.

அணில்வால்:
ஒருத்தருக்குச் செய்தால் போதும், மிஞ்சினா ரெண்டு பேர். ரப்பர் திரும்ப வரணும் என்பதும் சரிதான். நம்ம சிறார் கதைகள் பல கெடுவது வேற இடத்துல: கடைசிப் பத்தியில் கெட்டவன் திடீர்னு திருந்திடுவான். ஈ.பி. வைட்டின் 'சார்லட்ஸ் வெப்' (1952) நாவலில் வரும் எலி டெம்பிள்டனைப் பாருங்க. தீனித் தொட்டியில் முதல் பங்கு உனக்குத்தான்னு பன்றி வில்பர் வாக்குக் கொடுத்த பிறகுதான், சிலந்தியின் முட்டைப் பையைக் கீழே கொண்டுவர ஏறும். அதன் சுயநலம் கடைசிவரை போகாது. ஆனா அந்த எலி இல்லைன்னா முட்டைப் பை வீடு வந்து சேர்ந்திருக்காது.

நாவற்பழம்:
பேச்சை ரெண்டு பேருமே தொடல. "நான் ஒதுக்கப்பட்டதாக உணர்கிறேன்"னு எந்தப் பிள்ளை சொல்லும்? "போங்க, எனக்கு ஒண்ணும் உங்க ஆட்டம் வேணாம்"னு சொல்லிட்டு அங்கேயே நிக்கும். படக்கதைன்னா இன்னும் வசதி: "எனக்குப் பயமே இல்லை"ன்னு எழுத்துல இருக்கட்டும், படத்துல அம்மா முந்தானையைப் பிடிச்சிருக்கட்டும்.

மைக்கூடு:
படக்கதை யோசனையை ஏத்துக்கறேன். எலி விஷயம் வேற. அது 22 அத்தியாய நாவல், அங்கே இடம் இருக்கு. 1,000 சொல்லில் கெட்டவனை அப்படியே விட்டால் கதை பாதியில் நின்ன மாதிரி இருக்கும். அவன் செய்ததுக்கு விளைவு வேணும்.

அணில்வால்:
விளைவு இருக்கட்டும், மன்னிப்பு வசனத்தை மட்டும் வெட்டுங்க. திருடின பட்டத்தை வாசல்ல வச்சுட்டு ஓடட்டும். மனசு மாறிட்டானா, மாட்டிக்குவோம்னு பயந்தானான்னு பிள்ளையே முடிவு பண்ணட்டும்.