ஸ்லாவ்கோ டாம்யானோவிச்சை ஞாபகம் இருக்கா?

வியாசர்பாடி அப்பா:
அண்ணே, என் பையனுக்கு 14 வயசு, ஃபுட்பால்ல ஸ்டாப்பர் பேக் (கோலுக்கு முன்னாடி நின்னு தடுக்கிற டிஃபெண்டர்) ஆடுறான். கோல் போடுறவனைத்தான் தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்கன்னு நேத்து பூட்ஸைக் கழட்டி மூலையில போட்டுட்டான். ஒரு டிஃபெண்டர் கதை சொல்லணும். 2021-22ல சென்னையின் எஃப்சிக்கு ஆடின ஸ்லாவ்கோ எப்படி?

பெரம்பூர்க்காரன்:
நல்ல ஆளைக் கேட்டீங்க. அவர் ஊர் ஐரோப்பாவுல இருக்கிற மாண்டினீக்ரோ. 2006லதான் தனி நாடாச்சு, ஜனத்தொகை ஆறு லட்சத்துச் சொச்சம். நம்ம சென்னையில பத்துல ஒரு பங்குகூட வராது. செர்பியா கிளப்புகள்ல ஆடிட்டு இங்க வந்தார். அப்ப கோச் பாண்டோவிச்சும் அதே நாடுதான். கொரோனாவால எல்லா மேட்சும் கோவாவுலயே நடந்துச்சு. அந்த சீசன்ல நேரு ஸ்டேடியத்துல ஒரு மேட்ச்கூட இல்ல, டீம் எட்டாவது இடம். அவருக்காக ஒரு தடவை எழுந்து நின்னு கைதட்ட முடியலையேங்கிறது எனக்கு இன்னும் ஆறல.

கோல்போஸ்ட்:
அதோட முடியல. 2023 ஜனவரியில கொல்கத்தா டீம் மோகன் பகான் கூப்பிட்டாங்க, மார்ச்ல ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கப். ஃபைனல்ல பெங்களூருவை பெனால்டியில ஜெயிச்சாங்க. அடுத்த சீசன் அதே பெங்களூருவுக்கு ஆடினார்! பையனை அவர் பழைய மேட்சுகளைப் பார்க்கச் சொல்லுங்க. பந்தை விட்டுட்டு, அது வர்றதுக்கு முன்னாடி அவர் எங்க நிக்கிறார்னு மட்டும் கவனிக்கட்டும்.

வியாசர்பாடி அப்பா:
ரொம்ப நன்றிண்ணே. படிச்சுக் காட்டினேன். "ஆறு லட்சம்தானா?"ன்னு ரெண்டு தடவை கேட்டான். பூட்ஸை எடுத்துத் துடைச்சிட்டிருக்கான்.