அச்சிடாமல் பாடக் கோப்புகளில் குறிப்பெடுப்பது: டேபில் எழுதியது லேப்டாப்பில் தெரியவில்லை, உதவி தேவை

கடைசி_பெஞ்ச்:
வணக்கம். விரிவுரைக் கோப்புகளைப் பிரிண்ட் எடுக்காமல் டேபிலேயே படித்துக் குறிப்பெடுக்கப் பார்க்கிறேன். பேனாவுடன் ஆண்ட்ராய்டு டேப், வீட்டில் விண்டோஸ் லேப்டாப். மூன்று இடத்தில் முட்டுகிறது. டேபில் ஹைலைட் செய்து எழுதிய பிடிஎஃபை லேப்டாப்பில் திறந்தால் வெறும் பக்கம்தான் வருகிறது. ஸ்லைடு பக்கம் முழுக்க அடைத்துக்கொண்டிருப்பதால் எழுத இடமில்லை. தமிழ்ப் பாடக் கோப்புகளில் ‘கொள்கை’ என்று தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை, சொல் கண்ணெதிரே இருக்கிறது. கோப்புகள் வாட்ஸ்அப் குழுவில் வருபவை, அங்கிருந்தே தட்டித் திறக்கிறேன்.

எழுத்தாணி:
முதல் சிக்கலுக்குக் காரணம் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. அரட்டையிலிருந்து தட்டித் திறக்கும்போது பல செயலிகளுக்கு அந்தக் கோப்பில் எழுத அனுமதி கிடைப்பதில்லை. அதனால் தனக்குள் ஒரு நகல் வைத்துக்கொண்டு அதில்தான் எழுதும். நீங்கள் லேப்டாப்புக்கு அனுப்புவது கைபடாத மூலக் கோப்பு. முதலில் டவுன்லோட்ஸ் மாதிரி ஒரு ஃபோல்டரில் சேமித்து, பிறகு செயலியைத் திறந்து அதற்குள்ளிருந்து கோப்பைத் தேர்ந்தெடுங்கள்.

குறிப்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்பதுதான் இதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. சில செயலிகள் பிடிஎஃப்புக்குள்ளேயே எழுதும். சில தங்கள் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்ளும். ஆய்வுக் கட்டுரைகளைச் சேகரித்து வைக்கும் ஸோட்டெரோ மென்பொருளின் உள் ரீடர் இரண்டாவது வகை: எக்ஸ்போர்ட் செய்தால்தான் ஹைலைட் கோப்புக்குள் வரும். சோதிக்க ஒரே ஒரு வரியை ஹைலைட் செய்து சேமியுங்கள். ஃபைல் மேனேஜரில் கோப்பின் அளவும் திருத்திய நேரமும் மாறியிருக்கிறதா பாருங்கள். இரண்டும் மாறவில்லை என்றால் கோப்புக்குள் எதுவும் போகவில்லை. மாறியிருந்தால் அதே கோப்பை ஃபயர்ஃபாக்ஸிலோ ஆக்குலரிலோ திறந்து பாருங்கள். அங்கே தெரிந்தால் கவலையில்லை. ஒரு பருவம் முழுவதையும் நம்பி ஒப்படைக்கும் முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

மைக்கூடு:
இடப் பிரச்சினைக்கு: ஆசிரியர் பவர்பாயிண்ட் கோப்பே தருகிறார் என்றால் அதை நேராக பிடிஎஃப் ஆக்காதீர்கள். பிரிண்ட் திரையில் ‘நோட்ஸ் பேஜஸ்’ தேர்ந்து, பிரிண்டராக ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ கொடுங்கள். ஒவ்வொரு ஸ்லைடும் நெடுக்குப் பக்கத்தின் மேல்பாதியில் உட்காரும், கீழே எழுத இடம் கிடைக்கும். 16:9 ஸ்லைடு ஏ4 தாளின் 21 செ.மீ. அகலத்தை முழுக்க எடுத்துக்கொண்டாலும் உயரம் 11.8 செ.மீ.தான், மீதி 17 செ.மீ.க்கு மேல் உங்களுக்கு. ஆசிரியர் ஸ்லைடுக்கு அடியில் தன் குறிப்பு எழுதி வைத்திருந்தால் அதுவும் அங்கேயே வரும், அது தனி லாபம். லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸிலும் பிடிஎஃப் ஏற்றுமதித் திரையில் குறிப்புப் பக்கங்களுக்கான தேர்வு உண்டு. அனிமேஷன் நிறைந்த ஸ்லைடுகளில் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், அவற்றுக்கு மூலக் கோப்பையும் வைத்திருங்கள்.

பிடிஎஃப் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் லேப்டாப்பில் ஷூர்னல்++ என்ற குறிப்பெடுக்கும் மென்பொருள் போதும். வேண்டிய ஸ்லைடுக்குப் பின்னால் வெற்றுப் பக்கம் செருகலாம். ஒன்நோட்டில் வலப்பக்கம் இடத்துக்குக் குறைவில்லை, ஆனால் பக்கங்கள் படமாகத்தான் உள்ளே வரும். விண்டோஸ் ஒன்நோட்டில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘பின்னணியாக வை’ கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எழுதும்போது ஸ்லைடு நகர்ந்து எழுத்து ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் ஆகிவிடும்.

நெடுங்கணக்கு:
தேடல் சிக்கல் தமிழ்க் கோப்புகளுக்கே உரியது. அந்தச் சொல்லைத் தேர்ந்து காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

சொல்லைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது ஸ்கேன் படம். ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளி கலந்து வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. ‘ெகாள்ைக’ என்று கொம்பு முன்னால் ஓடிவந்து நின்றால் யூனிகோட்தான், ஆனால் பிடிஎஃப் ஆக்கியபோது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் பதிவாகிவிட்டன.

மூன்றாவது வகைக்கு அவசரத் தீர்வு: ெ, ே, ை, ொ, ோ இல்லாத சொல்லாகத் தேடுங்கள். ‘மாணவர்’ பெரும்பாலும் அகப்படும், ‘கொள்கை’ அகப்படாது.

நிலையான தீர்வு மூன்றுக்கும் ஒன்றே. ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற இலவசக் கருவி (ஓசிஆர் என்றால் படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் கண்டு தேடக்கூடிய எழுத்தாக்குவது). அதற்கு அடியில் ஓடுவது டெசராக்ட் என்ற எழுத்தறியும் நிரல், அதற்குத் தமிழ் மொழித் தரவைத் தனியாக நிறுவ வேண்டும். ஸ்கேன் கோப்புக்குச் சாதாரணமாக ஓட்டினால் போதும். மற்ற இரண்டிலும் ஏற்கெனவே எழுத்து அடுக்கு இருப்பதால் கருவி வேலை செய்ய மறுக்கும், ‘ஃபோர்ஸ்’ தேர்வைச் சேர்க்க வேண்டும். அப்போது பக்கம் முழுதும் படமாக மாறி, அதன்மேல் புதிய எழுத்து அடுக்கு விழும். கோப்பின் அளவு கூடும். பழைய குறிப்புகளை அதன் பிறகு திருத்தவோ அழிக்கவோ முடியாது. ஆகவே ஓசிஆர் முதலில், ஹைலைட் பிறகு.

கடைசி_பெஞ்ச்:
மிக்க நன்றி. ஃபோல்டரில் சேமித்துத் திறந்ததும் கோப்பின் அளவு மாறுகிறது, ஹைலைட் லேப்டாப்பிலும் வருகிறது. ஷூர்னல்++-இல் ஒரு சந்தேகம்: பாடவாரியாக ஃபோல்டர்களை மாற்றி அடுக்கியதும் கையெழுத்து இருக்கிறது, பின்னணி ஸ்லைடைக் காணோம் என்கிறது. இன்னொன்று, ஆசிரியர் திருத்திய ஸ்லைடு மறுபடி அனுப்பினால் என்ன செய்வது?

மைக்கூடு:
ஷூர்னல்++ தன் கோப்பில் உங்கள் எழுத்தை மட்டும் வைத்து, பிடிஎஃப் இருக்கும் பாதையை நினைவில் கொள்கிறது. பிடிஎஃப் இடம் மாறினால் பின்னணி போகும். திறக்கும்போது வரும் எச்சரிக்கையில் வேறு பிடிஎஃப்பைத் தேர்ந்தெடுக்கும் வழி இருக்கும், புதிய இடத்தைக் காட்டினால் சரியாகும். இனிமேல் இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்துச் சேர்த்தே நகர்த்துங்கள். டேபில் படிக்க வேண்டுமென்றால் ‘பிடிஎஃப் ஆக ஏற்றுமதி’ செய்த பிரதியை அனுப்புங்கள்.

எழுத்தாணி:
திருத்திய ஸ்லைடை அதே பெயரில் சேமிக்கவே கூடாது, பழைய குறிப்பு மொத்தமும் போய்விடும். பெயரோடு தேதி சேருங்கள். பழைய கோப்பின் குறிப்புகளைத் தனியே எடுத்துப் புதியதில் இறக்கும் வசதி சில மென்பொருள்களில் இருக்கிறது, ஆனால் அது பக்க எண்ணையும் பக்கத்தில் இருக்கும் இடத்தையும் மட்டுமே பார்க்கும். நடுவில் ஒரு ஸ்லைடு கூடியிருந்தால் அதற்குப் பிந்தைய எல்லாக் குறிப்பும் ஒரு பக்கம் தள்ளிப்போகும். கூடியவை இரண்டு மூன்று ஸ்லைடுதான் என்றால் பிடிஎஃப்சாம் மாதிரி கருவியில், உதாரணமாக 15-ஆவதாக ஒரு ஸ்லைடு கூடியிருந்தால், பழையதின் 1–14, புதியதின் 15, பழையதின் 15 முதல் கடைசிவரை என்று கோத்துவிடுங்கள். கோத்த கோப்பைத் திறந்து குறிப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள்.